ஐந்தில் மிஞ்சிய ஒன்று: ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, நான்கு மாதத்துக்குப் பிறகு

2025 நவம்பரில் 37,200 ரூபாய் கொடுத்து ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கிராபிக்ஸ் கார்டு ஒன்றை, அதாவது விளையாட்டுகளின் படத்தைத் திரைக்கு வரைந்து தரும் அட்டையை, வாங்கினேன். நான்கு மாதம் ஓடிவிட்டது. வாங்கியதில் வருத்தம் இல்லை. அதற்காக இதைப் படித்துவிட்டு நேராகக் கடைக்குப் போய் இதே கார்டைக் கேட்டுவிடாதீர்கள். என் கணினிக்கும் என் அறைக்கும் என் வீட்டுக் கரண்டுக்கும் இது பொருந்தியது, அவ்வளவுதான். உங்கள் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்க்காமல் உங்களுக்கு எது பொருந்தும் என்று எவராலும் சொல்ல முடியாது. கழற்றாமலேயே சொல்கிறவர்கள் ஏராளம் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு என் வேலை. ஆடிப்பெருக்கு அன்று புது வருட நாட்காட்டி ஆல்பங்கள் வெளிவந்தது முதல் மார்கழி வரை மூச்சு விட நேரம் இருக்காது. தை பிறந்தால் மனிதனாவேன். இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் விளையாடுவது என் பழக்கம். வயது 41. இந்த வயதில் என்ன விளையாட்டு என்று கேட்பவர்களிடம் நான் சீட்டும் ஆடுவதில்லை, சீட்டும் பிடிப்பதில்லை என்று சொல்லிவிடுவேன்.

வீட்டுக் கணினியின் கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பி450 மதர்போர்டு, அதில் ரைசன் 5 5600 சிபியு, 16 ஜிபி ரேம், மின்சாரம் தர 550 வாட் எஸ்எம்பிஎஸ். மானிட்டர் 27 அங்குலம், 2560×1440 பிக்சல், 75 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 75 படம் காட்டும். விளையாட்டுக்காக வாங்கியது இல்லை. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் முழு அளவில் பார்த்துத் திருத்துவதற்காக வாங்கியது. இந்த மானிட்டர்தான் பின்னால் என் செலவை ஏற்றிவிட்ட ஆசாமி.

இத்தனை நாளும் இதில் இருந்தது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. 2016இல் வெளிவந்த கார்டு அது. நான் 2017இல் வாங்கினேன். எட்டு வருடம் உழைத்தது. 2021இல் மாற்றலாம் என்று நினைத்தபோது கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் சந்தையிலிருந்த கார்டையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். 329 டாலர் என்று அறிவிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 3060-ஐ அந்த விலைக்குக் கண்ணில் பார்த்தவர் எவரும் எனக்குத் தெரிந்து இல்லை. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் கார்டை வைத்துத் தோண்டும் வேலை படுத்தது. தோண்டிக் களைத்த கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்தன. அதில் ஒன்றை நானும் 2023இல் ஒருவரிடமிருந்து வாங்கினேன். பெயர், மாடல் எதுவும் வேண்டாம். கூரியரில் வந்த பெட்டியைத் திறந்ததும் கையில் பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டியது. நினைவகச் சில்லுகளின் மேல் ஒட்டும் வெப்பப் பட்டைகள் மாதக்கணக்கில் சூட்டில் கிடந்தால் அப்படித்தான் எண்ணெய் கக்கும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். ஐந்தே மாதத்தில் திரையில் கட்டம் கட்டமாகப் பச்சை விழுந்து அது கண்ணை மூடியது. பரணில் இருந்த 1060 மறுபடி வேலைக்கு வந்தது, ஓய்வுபெற்ற வாத்தியாரைத் திரும்ப அழைத்த மாதிரி.

அந்த வாத்தியாருக்கும் காலம் முடிந்தது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டுக்கு ரே டிரேசிங், அதாவது ஒளிக்கதிர் போகும் வழியைக் கணக்கிட்டு வரையும் வேலைக்கான வன்பொருள் கட்டாயம், நினைவகம் குறைந்தது 8 ஜிபி. 2025 மே மாதம் வந்த டூம் வரிசையின் புது விளையாட்டுக்கும் ரே டிரேசிங் இல்லாமல் கதவு திறக்காது. என் கார்டில் இரண்டும் இல்லை. அமைப்புகளைக் குறைத்து வைத்துச் சமாளிக்கும் வழிகூட இல்லை, விளையாட்டே தொடங்காது. 2025 அக்டோபரோடு 1060 தலைமுறைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதையும் என்விடியா நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் இன்னும் சில வருடம் வரும். விண்டோஸ் 10க்கும் அதே மாதம்தான் கடைசி. இதற்கு மேல் இழுத்துப் பிடிக்க நியாயம் இல்லை என்று வீட்டில் சொன்னேன். வீட்டிலிருந்து பதில் வரவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

பட்டியலில் ஐந்து கார்டுகள் இருந்தன. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி, இன்டெல்லின் ஆர்க் பி580, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியில் 8 ஜிபி, அதே பெயரில் 16 ஜிபி. அக்கா மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஒப்பீட்டு வீடியோக்களில் முனைவர் பட்டமே வாங்கிவிடுவான். "மாமா, இதில் ஏழு பிரேம் அதிகம், அதில் பதினொன்று குறைவு" என்று தினமும் இரவில் அழைத்துச் சொல்வான். கார்டு ஒரு நொடியில் வரைந்து தள்ளும் படங்களின் எண்ணிக்கைதான் இந்த பிரேம் கணக்கு. அந்தச் சோதனைகளையெல்லாம் நடத்துகிறவர்கள் புத்தம்புது மதர்போர்டில், மிக வேகமான சிபியுவில், குளிரூட்டிய அறையில் நடத்துகிறார்கள். என் வீட்டில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

அதனால் வேறு பக்கத்திலிருந்து தொடங்கினேன். கார்டு உட்காரப்போகும் ஸ்லாட்டிலிருந்து.

பி450 போர்டில் கார்டு போடும் ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 தலைமுறை. பார்க்க எல்லாத் தலைமுறையும் ஒரே நீளம்தான், எந்தக் கார்டும் எதிலும் உட்காரும். ஆனால் உள்ளே ஓடும் பாதைகளின் எண்ணிக்கை வேறு. 16 பாதையும் ஓடினால் 3.0இல் நொடிக்குச் சுமார் 16 ஜிபி தரவு போகும். 8 பாதை என்றால் 8 ஜிபி. இப்போது வரும் நடுத்தர விலைக் கார்டுகளில் பலவற்றுக்கு 8 பாதைதான் கொடுக்கிறார்கள். பழைய ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060 எல்லாமே அப்படித்தான். 5060, 5060 டிஐ, பி580 ஆகியவையும் 8 பாதை. புது போர்டில் ஒவ்வொரு பாதையும் இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ வேகம் என்பதால் அங்கே குறை தெரியாது. என் மாதிரிப் பழைய போர்டில்தான் தெரியும். 9060 எக்ஸ்டியில் மட்டும் 16 பாதையும் உண்டு.

இது எப்போது வலிக்கும் என்பதற்கு எங்கள் அச்சகத்திலேயே ஓர் உவமை இருக்கிறது. அச்சு இயந்திரத்தின் ஃபீடரில் தாள் அடுக்கியிருக்கும்வரை இயந்திரம் மணிக்கு ஆயிரக்கணக்கில் ஓட்டித் தள்ளும். ஃபீடரில் இடம் போதாமல், பாதித் தாள் குடோனில் கிடந்து, ஓர் ஆள் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் வேகம் அப்படியே இருக்கும், ஆனால் வேலை தள்ளுவண்டியின் வேகத்துக்கு இறங்கிவிடும். கார்டின் சொந்த நினைவகம்தான் ஃபீடர். 9060 எக்ஸ்டியில் அது நொடிக்கு 320 ஜிபி கொடுக்கும். விளையாட்டுக்கு வேண்டியது அதற்குள் அடங்காவிட்டால் மீதி கணினியின் ரேமில் போய் உட்காரும். அங்கிருந்து கார்டுக்கு வரும் தள்ளுவண்டிதான் அந்த ஸ்லாட். 320 எங்கே, 8 எங்கே? சராசரி பிரேம் எண்ணிக்கையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் திரும்பும் இடத்தில், கதவு திறக்கும் இடத்தில் அரை நொடி நின்று நின்று போகும். அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும், எரிச்சலில் மௌஸ் பறக்கும்.

ஆக, 8 ஜிபி நினைவகம், 8 பாதை, 3.0 போர்டு, இந்த மூன்றும் ஒன்றாகச் சேரக்கூடாது. ஆர்டிஎக்ஸ் 5060 அங்கேயே கழிந்தது. பி580-ஐக் கழிக்க மனசே வரவில்லை. 12 ஜிபி நினைவகம், அறிவித்த விலை 249 டாலர், இந்தப் பட்டியலில் சில்லறைக்கு நியாயம் செய்யும் கார்டு அதுதான். ஆனால் சற்றுப் பழைய சிபியுக்களோடு சேர்ந்தால் அது தடுமாறுகிறது என்பது 2025 தொடக்கத்திலேயே பல சோதனைகளில் வெளிப்பட்டது. அந்தச் சோதனைகளில் தடுமாறியவற்றில் என்னுடைய 5600-ம் ஒன்று. புது சிபியு வைத்திருப்பவர்கள் அதைத் தாராளமாகப் பாருங்கள்.

இரண்டை மதர்போர்டும் சிபியுவும் நீக்கின என்றால் மூன்றாவதை மானிட்டர் நீக்கியது. 1920×1080 திரையில் இருப்பது சுமார் 21 லட்சம் பிக்சல். என்னுடையதில் சுமார் 37 லட்சம். இந்தத் திரையில் இன்றைய பெரிய விளையாட்டுகளை உயர்ந்த அமைப்பில் ஓட்டினால் 8 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். ஆகவே 9060 எக்ஸ்டியின் 8 ஜிபி வடிவம் போனது.

மிஞ்சியவை இரண்டு 16 ஜிபி கார்டுகள். நேர்மையாகச் சொன்னால் 5060 டிஐ 16 ஜிபி இன்னும் நல்ல கார்டு. 8 பாதைதான் என்றாலும் நினைவகம் தாராளமாக இருப்பதால் தள்ளுவண்டிக்கு வேலை குறைவு, என் போர்டிலும் பெரிதாக நஷ்டம் வந்திருக்காது. ரே டிரேசிங்கில் கை ஓங்கியது. குறைந்த தெளிவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் கூர்மையாக்கும் டிஎல்எஸ்எஸ் என்ற என்விடியாவின் நுட்பம் இருக்கும் விளையாட்டுகளின் எண்ணிக்கையும் அதிகம். பிளெண்டர் மாதிரி முப்பரிமாண மென்பொருளில் வேலை செய்பவர் யோசிக்காமல் அதை வாங்கலாம். நான் கேட்ட கடைகளில் அப்போது விலை 46,500. இரண்டுக்கும் வித்தியாசம் 9,300 ரூபாய். நான்காவதை நீக்கியது என் பர்ஸ்.

விலை நியாயம்தானா என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு அமெரிக்காவில் அறிவித்த விலை 349 டாலர், வரி சேராமல். டாலருக்கு 88 ரூபாய் என்றால் 30,712. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 36,240. கடைக்காரர் சொன்ன 37,200க்கும் இதற்கும் ஆயிரம் ரூபாய்க்குள்தான் வித்தியாசம். 2021-ஐப் பார்த்தவனுக்கு இது பெரிய ஆறுதல்.

வாங்குவதற்கு முன் இன்னும் இரண்டு அளவுகள் எடுத்தேன். ஒன்று நீளம். அச்சகத்திலிருந்து 60 சென்டிமீட்டர் எஃகு ஸ்கேலைக் கொண்டுவந்து, கேபினட்டுக்குள் பின்பக்கத் தகட்டிலிருந்து முன்பக்க ஹார்டு டிஸ்க் கூடுவரை வைத்துப் பார்த்தேன். 28 சென்டிமீட்டர். மூன்று ஃபேன் வைத்த மாடல்கள் பெரும்பாலும் அதைவிட நீளம். ஆகவே இரண்டு ஃபேன் மாடல்தான் என்று முடிவானது. மூன்று ஃபேன் வாங்கிவந்து ஹார்டு டிஸ்க் கூட்டை ரம்பத்தால் அறுத்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

இரண்டாவது கரண்ட். இதைப் பற்றி ஒப்பீட்டு வீடியோக்களில் ஒரு வார்த்தை வராது. எங்கள் தெருவில் மாலை ஏழு மணிக்கு மேல் கரண்ட் எப்போது கண்ணடிக்கும் என்று சொல்ல முடியாது. முன்பு வீட்டில் இருந்தது 600 விஏ யுபிஎஸ். பெட்டியில் 600 என்று போட்டிருந்தாலும் அது தாங்குவது சுமார் 360 வாட்தான். அந்தப் பழைய சந்தைக் கார்டு போட்டிருந்த காலத்தில் விளையாட்டின் நடுவே கரண்ட் போனால் யுபிஎஸ் ஒரு முறை வீறிட்டுக் கத்திவிட்டு மொத்தமாக அணைந்துவிடும். சுமை தாங்கவில்லை. பிறகு 1 கேவிஏ, அதாவது 600 வாட் யுபிஎஸ் மாற்றினேன். 9060 எக்ஸ்டி 16 ஜிபியின் மின் தேவை 160 வாட், 5060 டிஐ 180, பி580 190. பார்க்கச் சின்ன வித்தியாசம். யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது ஒவ்வொரு வாட்டுக்கும் கணக்கு உண்டு. கோடையில் அறைக்குள் கொட்டும் சூடும் அதே வாட்தான். ஒரே ஒரு 8 பின் இணைப்பு போதும் என்பதால் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

நவம்பரில் ஒரு வாடிக்கையாளரிடம் நாட்காட்டி புரூஃப் காட்ட சென்னை போக வேண்டியிருந்தது. பொதிகை ரயிலில் ஏறினேன். காலையில் புரூஃப் வேலையை முடித்துவிட்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சின்னத் தெருவில் மனிதர்களைவிட அட்டைப்பெட்டிகள் அதிகம் நடமாடும். மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில் விலை படிந்தது. பையன் பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தான், உரிமையாளர் பில் போடத் தொடங்கினார்.

தொழில் பழக்கம் ஒன்று எனக்கு உண்டு. அச்சடித்த எதையும் படிக்காமல் விடமாட்டேன். ஒரு வருடம் அமாவாசையை ஒரு நாள் தள்ளிப் போட்டு 4,000 நாட்காட்டியைக் கிழித்த பிறகு வந்த பழக்கம். பெட்டியின் முகப்பில் 9060 எக்ஸ்டி என்று ஒரு சாண் உயரத்தில் இருந்தது. பக்கவாட்டில், பார்கோடுக்குக் கீழே, ஆறு புள்ளி எழுத்தில் மாடல் எண் ஒன்று நீளமாக ஓடியது. அதன் வாலில் 8ஜி என்று இருந்தது.

"ஐயா, இது 8 ஜிபி" என்றேன்.

"பெயர் ஒன்றுதான் சார், 9060 எக்ஸ்டி" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"பெயர் ஒன்றுதான், நினைவகம் பாதி."

அப்போதுதான் பெட்டியை வாங்கிப் பார்த்தார். பையனைப் பார்த்து முறைத்தார். வேண்டுமென்று செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே பெட்டியில், இரண்டு விதச் சரக்கை அனுப்பினால் பையன் என்ன செய்வான்? 5060 டிஐயிலும் இதே கூத்துதான், அங்கும் 8, 16 என்று இரண்டு உண்டு. நாட்காட்டியில் நாங்கள் இப்படி இரண்டு ரகத்துக்கு ஒரே பெயர் வைத்தால் வாடிக்கையாளர் தோலை உரித்துவிடுவார். பெட்டி மாறி வந்தது. வால் வரை மறுபடி படித்தேன். பில்லிலும் 16 ஜிபி என்று எழுதச் சொல்லி, வரிசை எண்ணையும் சேர்க்கச் சொன்னேன். மூன்று வருட உத்தரவாதத்துக்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினேன். கார்டை ஸ்லாட்டில் அழுத்தி உட்கார வைக்க ஐந்து நிமிடம் ஆனது. மற்ற வேலைக்கு நாள் முழுவதும் போனது. இந்தக் காலத்துக் கார்டு முழு வேகத்தில் ஓட, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் ரீசைசபிள் பார் என்ற வசதியை இயக்க வேண்டும். சிபியு கார்டின் நினைவகத்தைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழுவதுமாகப் பார்க்க வழி செய்வது அது. என் போர்டு வந்த காலத்தில் அந்த வசதி இல்லை, பயாஸைப் புதுப்பித்தால் கிடைக்கும். பயாஸ் புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் போர்டு பிணம். யுபிஎஸ் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே செய்தேன். பிறகு சிஎஸ்எம் என்ற பழைய முறையை அணைத்ததும் விண்டோஸ் எழுந்திருக்கவே இல்லை. ஒரு நிமிடம் வயிறு கலங்கியது. காரணம் கார்டு இல்லை, என் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தது. சிஎஸ்எம்மைத் திரும்ப இயக்கி, விண்டோஸுக்குள் இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் டிஸ்கை மாற்றி, மறுபடி அணைத்த பிறகு சரியானது. பழைய போர்டு வைத்திருப்பவர்கள் கார்டு வாங்குவதற்கு முந்தைய வாரமே இதைச் செய்து வைத்துவிடுங்கள். கோப்புகளை வேறு டிஸ்கில் எடுத்து வைத்த பிறகு.

என்விடியாவின் பழைய டிரைவரையும் வேரோடு பிடுங்கிவிட்டுத்தான் புது டிரைவரை நிறுவினேன். இதற்கிடையில் கேபினட்டை எட்டிப் பார்த்த மனைவி, "பெட்டிக்குள் இரண்டு டேபிள் ஃபேன் எதற்கு? கூடத்தில் இருப்பது ஒன்று. அதுவும் சுற்றுவதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விளையாடியதைப் பற்றிச் சொல்கிறேன். பொங்கல் வரை தொட்டுப் பார்த்ததோடு சரி, நாட்காட்டி விடவில்லை. தை மாதம்தான் உட்கார்ந்து ஆடினேன். இண்டியானா ஜோன்ஸை 1440பியில் உயர்ந்த அமைப்பில் ஓட்டினேன். 75 பிரேமில் ஆணி அடித்த மாதிரி நின்றது. நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் எண் 10 ஜிபியைத் தாண்டியபோது, அந்த 8ஜி என்ற வாலைப் படித்த கண்ணுக்கு மானசீகமாக ஒரு முத்தம் கொடுத்தேன். வாடிகன் காட்சியில் ஒரு கல் சுவர் வரும். அதன் ஓரத்தில் நின்று சுரண்டிப் பார்க்கலாம் போல இருந்தது, பாசி படிந்த வெடிப்பு வரை தெரிந்தது. அச்சுத் தரம் பார்க்கிறவனுக்கு இப்படி ஒரு சுவர் முன்னால் கதையெல்லாம் மறந்துவிடும். பத்து நிமிடம் அங்கேயே நின்றேன்.

சைபர்பங்க் 2077-ஐ 1060இல் தெளிவைக் குறைத்து, நிழலைக் குறைத்து, கூட்டத்தைக் குறைத்து, ஆளில்லாத ஊரில் நடப்பது மாதிரி ஆடியவன் நான். இப்போது உயர்ந்த அமைப்பில், டிஎல்எஸ்எஸ்ஸுக்கு ஏஎம்டியின் பதிலான எஃப்எஸ்ஆரைத் தர நிலையில் வைத்து, ரே டிரேசிங் இல்லாமல் 75இல் நிலையாக ஓடுகிறது. ரே டிரேசிங்கை முழுதாகத் திறந்தால் ஐம்பதுக்குக் கீழே இறங்குகிறது. மழை பெய்த தெருவில் விளம்பரப் பலகையின் வெளிச்சம் தேங்குவதைப் பார்க்க இரண்டு நாள் திறந்து வைத்திருந்தேன், பிறகு அணைத்துவிட்டேன். அதற்கும் மேல் இருக்கும் பாத் டிரேசிங் பக்கம் இந்த விலைக் கார்டோடு போக வேண்டாம்.

குறை உண்டு. எஃப்எஸ்ஆரின் நான்காம் பதிப்பு படத்தைப் பழைய பதிப்புகளைவிட எவ்வளவோ துல்லியமாகக் கொடுக்கிறது, ஆனால் அது கிடைக்கும் விளையாட்டுகள் டிஎல்எஸ்எஸ் அளவுக்கு இல்லை. பழைய பதிப்பு மட்டும் இருக்கும் விளையாட்டில் மரத்தின் இலைகள் ஓரம் நடுங்குவது என் கண்ணுக்குத் தெரிகிறது. புள்ளிகளைப் பார்த்துப் பிழைப்பு நடத்துகிற கண், அதைச் சொல்லிக் குற்றமில்லை. என் கார்டில் ஒரு ஃபேன் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் லேசாகக் கிறுகிறுக்கிறது. தயாரிப்பாளர் யார் என்பது வேண்டாம், ஃபேன் வேகத்தின் வளைவைச் சற்று மாற்றியதும் அடங்கிவிட்டது. இடையில் செயற்கைப் பிரேம்களைச் செருகி எண்ணிக்கையை ஏற்றும் வசதியை இரண்டு நிறுவனங்களும் விளம்பரத்தில் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடுகின்றன. 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவனுக்கு அதனால் ஒரு காசுக்குப் பிரயோசனம் இல்லை. கார்டுப் பெட்டிமேல் போட்டிருக்கும் அந்தப் பெரிய எண்களைப் பார்த்து விலையை முடிவு செய்யாதீர்கள்.

என் மானிட்டர் 75க்கு மேல் காட்டாது என்பதால் பிரேமையும் 75க்கு மேல் போகாமல் டிரைவரிலேயே கட்டி வைத்திருக்கிறேன். சுவர் பிளக்கில் வாட் மீட்டர் போட்டுப் பார்த்தேன். கட்டாமல் விட்டால் கணினி மட்டும் 290 வாட் வரை இழுக்கிறது, கட்டினால் பெரும்பாலும் 220 பக்கம். படத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. மார்ச் பிறந்து சிவகாசி வெயில் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. ஏசி இல்லாத அறையில் கார்டு 70 டிகிரியை ஒட்டி நிற்கிறது, சத்தம் மின்விசிறியின் சத்தத்தில் கரைந்துவிடுகிறது.

1920×1080 மானிட்டரில் வாலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் மட்டும் ஆடுகிறவர் 16 ஜிபிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அக்கா மகன் அந்த ரகம். அவனுக்கு என் பழைய 1060-ஐக் கொடுத்திருக்கிறேன். அதிலேயே நன்றாக ஓடுகிறது என்று இப்போது ஒப்பீட்டு வீடியோ பார்ப்பதையே குறைத்துவிட்டான்.

போன செவ்வாய்க்கிழமை இரவு பத்தரைக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் ஒரு முறை டிக் என்றது, திரை அசையவில்லை. விளையாட்டைச் சேமித்து, வெளியேறி, கணினியை நிதானமாக அணைக்க எனக்கு ஆறு நிமிடம் கிடைத்தது. நான்காவது நிமிடத்தில் கூடத்து இருட்டிலிருந்து குரல் வந்தது: "அந்தப் பெட்டி ஃபேன் இரண்டையும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள்."